இரண்டாம் நிறுவை, பன்னிரண்டு பத்து

டொக்டர் பிரியந்தி மூச்சு எண்ணும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. ஒரு கண் தன் இடக்கைக் கடிகாரத்தில், மறு கண் குழந்தையின் நெஞ்சில். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது அவரிடம் கிடையாது. முழு அறுபது விநாடி. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

"நம்ம டொக்டர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளைக்கு மூச்சு எண்ணிட்டுத்தான் சாப்பிட உக்காருவாங்க" என்பார் சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதி கமறியா.

"மாப்பிள்ளைக்கு வேணாம். பொண்ணுக்குத்தான் மூச்சு முட்டும்" என்பார் டொக்டர், எண்ணி முடித்த பிறகு.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவர். வயது ஐம்பத்தொன்று. பகல் சாப்பாடு கடதாசியில் சுற்றிய இரண்டு ரொட்டி. அதையும் யன்னலோரம் நின்றுகொண்டே முடித்துவிடுவார். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் ஒரே கேள்விதான். பிள்ளைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதற்கும் ஒட்சிசன் கிடைப்பதற்கும் நடுவில் எத்தனை நிமிடம் போகிறது, எங்கே போகிறது?

முதல் ஆய்வில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்று படிவம் கேட்டது. எண்பத்தேழு தாய்மார் "தெரியாதுங்க" என்றார்கள். அத்தனை பேரும் "வீட்டில் தாமதம்" என்ற பகுதியில் சேர்க்கப்பட்டார்கள். கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. பாராட்டும் பதவி உயர்வும் வந்தன.

பிறகு ஒரு நாள், வாட்டில் ஒரு தாய் சொன்னாள்: "மணி தெரியாதுங்க. ரெண்டாவது கொழுந்து நிறுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பதான் புள்ளக்காம்பராவுல இருந்து ஆள் ஓடியாந்துச்சு."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும் நேரம் பிள்ளைகள் பிள்ளைக்காம்பராவில் இருப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும், பறித்த கொழுந்தைத் தராசில் போடும் நிறுவையும்தான் அங்கே கடிகாரம்.

"கமறியா, நானே லயத்துல பொறந்தவ. எங்கம்மாவும் இப்பிடித்தான் நேரம் சொல்லுவாங்க. எனக்கே கேக்கத் தோணலையே!"

நிறுவை நேரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் ஒரே தோட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் முன்பின் போகாது. லீவு நாட்களில் பஸ் ஏறி, பத்தொன்பது தோட்டங்களில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, நிமிடத்தோடு குறித்தார். "என்னா டொக்டரம்மா, தராசுல களவு புடிக்க வந்தீங்களா?" என்றார் ஒரு கங்காணி. "ஆமாங்க. என் களவத்தான் தேடுறேன்."

"தெரியாதுங்க" என்ற அந்தத் தாய்மாரை வீடு வீடாகத் தேடிப் போய்த் திரும்பவும் கேட்டார். எண்பத்தாறு பேரில் எழுபத்தொரு பேர் அரை மணித்தியாலத்துக்குள் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவித்திருந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் வாகனத்துக்குக் காத்திருந்தே போயிருந்தது.

தன் முடிவு பிழை என்று இதழுக்குக் கடிதம் எழுதினார். "புதுசா ஒண்ணு எழுதுங்க, பழசை ஏன் கிளறுறீங்க?" என்றார் கொழும்பில் ஒரு பெரியவர். "பழசுலயும் என் பேர்தான் சேர் இருக்கு."

ஒரு வீடு மட்டும் பாக்கி. அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். பொகவந்தலாவை ஜெயலெட்சுமியின் மகன் மதுரன் ஒன்றரை வயதில் அவர் கையில்தான் இறந்தான். "கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமே" என்று அன்று அந்தத் தாயிடம் சொன்னவரும் அவர்தான்.

சென்ற ஞாயிறு போனார். ஜெயலெட்சுமி வாங்குப் பலகையில் இடம்விட்டு, தேத்தண்ணி வைத்தாள். கேட்காமலே சொன்னாள்: "நான்தான் லேட்டாக்கிட்டேன். ஏழு வருசமா அதான் ஓடுது."

"ஆள் வந்து சொல்றப்போ எத்தனாவது நிறுவை?"

"ரெண்டாவது ஆரம்பிச்சாங்க. கூடையப் போட்டுட்டு ஓடுனேன். கையோட தோட்டத்து ஐயாகிட்ட சொன்னோம். லொறி ஃபெக்டரிக்குக் கொழுந்து ஏத்திட்டுப் போயிருச்சு. அது வர்றப்போ மூணாவது நிறுவை."

டொக்டர் நிறுவை நேரம் குறித்த கொப்பியைப் புரட்டினார். அந்தத் தோட்டம்: இரண்டாம் நிறுவை பன்னிரண்டு பத்து, மூன்றாவது மூன்று ஐம்பது.

"மூணு மணி நாப்பது நிமிசம் லொறிக்கு நின்னிருக்கீங்க. நீங்க லேட் இல்ல, ஜெயலெட்சுமி. அன்னைக்கு நான் சொன்னது பிழை."

ஜெயலெட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

கீழே வீதியில், அவர் திரும்பிப் போக வேண்டிய ஹட்டன் பஸ் ஹோன் அடித்தது. டொக்டர் பிரியந்தி கைக்கடிகாரத்தைக் கழற்றினார். வாங்கில் முகம் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.