மீன் அறையில் சிரட்டைக் கனல்

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில், ஒரு சரிவில் எங்கள் வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு நிலை, பின்னால் ரப்பர் தோட்டத்திலிருந்து பார்த்தால் இரண்டு நிலை. கீழே இருந்தது ஒரே ஓர் அறை. அதன் மூன்று சுவர்கள் மண்ணுக்குள் புதைந்திருக்கும். துபாயில் ஒரு ஓட்டலில் மீன்தொட்டி கழுவும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த அறையைக் கேட்டு வாங்கித் தொட்டிகளாக அடுக்கிவிட்டார். ஏஞ்சல் மீன் வளர்த்துக் குஞ்சு விற்பது திட்டம். மாமாவிடம் திட்டங்களுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.

மீன்களுக்கு அறை பிடித்துப் போயிற்று. அறைக்குத்தான் மீன்களைப் பிடிக்கவில்லை. தொட்டித் தண்ணீர் ஆவியாகிச் சுவரெல்லாம் வியர்த்தது. உள்கூரையில் கரும்பூசணம் படர்ந்து, ஈரம் மேலே ஏறி, என் கட்டிலை ஒட்டிய சுவரின் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. எனக்கு மூச்சிழுப்பு உண்டு. அந்த மழைக்காலத்தில் அது ஓயவே இல்லை. அப்பாவுக்கு மீன்களைத் துரத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது, என் நெஞ்சு அதைக் கொடுத்துத் தொலைத்தது என்றுதான் நான் நினைத்தேன். அதனால் இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமப் பழகினேன். மீன்களுக்காக அந்த வயதில் என்னால் முடிந்த தியாகம் அது.

அப்பாவும் மாமாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டாலும் அம்மா வழியாகத்தான் போக்குவரத்து. ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அப்பா, எதிரில் இருந்த மாமாவை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஞாயிறாச்சைக்குள்ள அந்த மீட்டர் முள்ளு அறுபதுக்குக் கீழ எறங்கணும். இல்லேன்னா தொட்டியெல்லாம் முற்றத்துக்குப் போவும். பறஞ்சிரு உன் தம்பிக்கிட்ட."

காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் அந்த வட்ட மீட்டரை மாமாதான் துபாயிலிருந்து கொண்டுவந்து அறைச் சுவரில் மாட்டியிருந்தார். தன் கையாலேயே தனக்கு எதிராக ஒரு சாட்சியைத் தொங்கவிட்டிருந்தார் என்று சொல்லலாம். முள் தொண்ணூறை விட்டு அசையவில்லை. மாமா தொட்டிகளைக் கண்ணாடி போட்டு மூடினார். கிண்ணம் கிண்ணமாக நீற்றாத சுண்ணாம்பு வைத்தார். மின்காற்றாடி வைத்து அறைக் காற்றை வெளியே இழுத்துப் பார்த்தார். வெளியே இடவப்பாதிப் பருவமழை கொட்டும்போது காற்றாடி ஈரத்தை எங்கே கொண்டுபோகும்? போன ஈரத்தைவிட வந்த ஈரம் அதிகம். ஈரம் உறிஞ்சும் மிஷின்களை செல்போனில் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கண் எங்கள் புகைப்புரையில் விழுந்தது. அப்பா ரப்பர் சீட்டுகளைக் காய வைக்கும் சிறிய கொட்டகை அது. எந்த மழையிலும் உள்ளே சீட்டுகள் மொடமொடவென்று காய்ந்துவிடும். ரப்பரைக் காய வைக்கிற நெருப்பு சுவரைக் காய வைக்காதா?

மாமா விவரம் தெரியாதவர் இல்லை. புகை மீனுக்கு ஆகாது என்று தேங்காய்ச் சிரட்டைகளை முற்றத்துச் சாய்ப்புக் கொட்டகையில் எரியவிட்டு, புகை முழுக்க அடங்கிச் செக்கச்சிவந்த கனலாக ஆன பிறகே இரும்புச் சட்டியில் அள்ளி உள்ளே கொண்டுபோனார். ஈரக்காற்று புகாமல் ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்தார். கதவுக்கடியில் திணிக்கச் சாக்கும் எடுத்துக்கொண்டார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து முள்ளைக் காட்டினார்.

"நீ இத மட்டும் பாத்துச் சொல்லு மக்கா. கதவத் தொறந்துராதே, ஈரம் கேறிரும். கேட்டியா?"

"புகை வருமா மாமா?"

"கனலாக்கும் இது. புகையே கிடையாது. ஒரு குழப்பமும் இல்ல."

கதவைச் சாத்தி, வெளியிலிருந்து சாக்கைத் திணித்தார். நான் கத்திச் சொல்லச் சொல்ல அவர் வெளியே நின்று கேட்டார். முள் நிஜமாகவே இறங்கியது! எண்பது என்றேன். எழுபத்தைந்து என்றேன். வெளியே மாமா சீட்டி அடித்தார். "இரு மக்கா, இன்னொரு சட்டி கொண்டு வாறேன்" என்று அவர் முற்றத்துக்கு ஏறிப்போகும் சத்தம் கேட்டது.

முள் எழுபதுக்கு வந்தபோது தலை வலித்தது. வெக்கையால் என்று நினைத்தேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூடிய அறையில் கனல் விடும் விஷக்காற்றையே தொட்டி மோட்டார் இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தீனி கேட்கின்றன, கொஞ்சம் பொறுங்கள், ஜெயித்ததும் போடுகிறேன் என்று அவற்றிடம் சொன்னேன். கண் சொருகியது. மேலிருந்து அம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் சொன்னால் கதவைத் திறக்கச் சொல்வாள் என்று வாயை மூடிக்கொண்டேன். எழுந்து முள்ளைக் கிட்டத்தில் பார்க்கலாமென்றால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. ஆனால் அந்தப் பயம்கூட, பார்க்காத நேரத்தில் முள் திரும்ப ஏறிவிடுமோ என்பதுதான்.

அடுத்து நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம். கதவு இடிபட்டது. அப்பா. அவருடைய பனியன் நனைந்திருந்தது. "எலே, நெருப்ப வச்சு மூடிட்டு உள்ள பிள்ளைய இருத்தியிருக்கியே!" அப்பா மாமாவிடம் நேராகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. மாமா கையிலிருந்த இரண்டாவது சட்டி படியில் உருண்டது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா மழையில் ஓடினார். கதவைத் திறந்து போட்டுவிட்டார்களே, மூடுங்கள், மூடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். வாய் எழவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். முகத்தில் காற்று வரும் மூடி. அம்மா தலைமாட்டில் இருந்தாள். மாமா வாசலுக்கு வெளியே, உள்ளே வரத் துணியாமல் சுவரோடு ஒட்டி நின்றார். அப்பா கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதம் இரண்டையும் கைக்குள் வைத்திருந்தார். நான் மூடியை விலக்கிக் கேட்டேன்.

"முள்ளு எங்க நிக்குது?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சொன்னார்: "எறங்கிட்டு மக்கா. அறுபதுக்கும் கீழ போயிட்டு."

"அப்போ மீனு?"

"எங்கயும் போவாது. அங்கதான் இருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் தோள் குலுங்கியது. என் பாதத்தில் முகத்தை வைத்து அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மாமா ஜெயித்துவிட்டார், மீன்கள் ஜெயித்துவிட்டன, தோற்றவர் அழாமல் என்ன செய்வார்? ஆனாலும் பார்க்கப் பாவமாக இருந்தது. கையை நீட்டினேன், தலை எட்டவில்லை.

"சாரமில்லப்பா, விடுங்க," என்றேன். "அடுத்த தடவ நீங்க ஜெயிக்கலாம்."