யானைப் பாட்டின் மிச்சம்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் தேயிலைத் தொழிற்சாலை வாச்சர் ஒருவர் குடியிருந்தார். அடர்ந்த நரைமீசை, பகலிலும் கழற்றாத கம்பளித் தொப்பி. இரவெல்லாம் காவல், பகலெல்லாம் தூக்கம். எங்களுக்கு நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது என்பதால், நாங்கள் தும்மினாலும் அவருக்குக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் மனைவியும் மகளோடு சேர்ந்து பாலர் பாட்டுகள் பாடுவோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அவர் டோர்ச்சால் சுவரில் மூன்று முறை தட்டுவார். நாங்கள் குரலைத் தாழ்த்துவோம். மகள் தாழ்த்தமாட்டாள்.

ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"பாடுங்க தம்பி, வேணாங்கல. ஆனா யானைப் பாட்டுல கடைசி நாலு வரிய எப்பவும் விட்டுர்றீங்க. அது எப்ப வரும்னு காத்துக்கிட்டே கெடந்தா தூக்கம் எப்படி வரும்?"

"அந்த நாலு வரி எங்களுக்குத் தெரியாதுங்கண்ணே" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் யானைப் பாட்டை அதே இடத்தில் நிறுத்தினோம். சுவருக்கு மேலாகக் கரகரத்த குரலில் மிச்சம் வந்தது. மகள் கைதட்டி, மறுபடியும் பாடச் சொன்னாள். ஏழு தடவை பாடினார்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பார்த்தேன். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நேத்து ஒங்க வீட்டுச் சத்தத்துல ஒரு பொட்டுத் தூக்கமில்ல தம்பி."

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன். எதற்கு என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.