எழில்மொழி சொன்ன பதில்

எழில்மொழிக்கு நாகப்பட்டினத்தில் அரசு வேலை கிடைத்த வருஷம்தான் டிவியில் 'நான்காம் மாடி நளினி' வர ஆரம்பித்தது. தொண்ணூற்று மூன்று. வலங்கைமான் பக்கத்தில் அவர்கள் ஊரில், தொகுப்பு வீடுகளுக்கு நடுவே பஞ்சாயத்து கட்டிக்கொடுத்த அறையில் ஒரு டிவி இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் வயலிலிருந்து வந்து கைகால் கழுவிய கையோடு அவளுடைய அப்பா இளையபெருமாள் அங்கே போய் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. நளினி கல்யாணம் ஆகாதவள். பட்டணத்தில் தனியாகத் தங்கி ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை பார்ப்பவள். முதலாளி காட்டுக்கத்தலாகக் கத்துவார். அவள் சிரித்த முகத்தோடு ஒரே ஒரு பதில் சொல்வாள், முதலாளி வாயடைத்துப் போவார். இளையபெருமாள் ஆயுசில் ஓர் ஆபீசுக்குள் போய் உட்கார்ந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக ஆபீசுக்குப் போனவள் எழில்மொழி, அவளும் அறை எடுத்துத் தனியாகத்தான் தங்கியிருந்தாள். மகளின் பிழைப்பும் இப்படித்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை அவள் ஊருக்கு வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இந்த வாரம் ஆபீசர் கத்துனாரா பாப்பா? நீ என்ன சொன்ன?"

முதல் தடவை விளையாட்டாக ஒன்றைச் சொல்லிவைத்தாள். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், மறுநாள் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. பஸ் திருவாரூர் தாண்டும்போதே அந்த வாரத்துக்கான பதிலை யோசித்துவைத்துக்கொள்வாள்.

நிஜத்தில் அவள் ஒரு பதிலும் சொன்னதில்லை. தபால் பிரிவில் இளநிலை உதவியாளர். சூப்பிரண்டு நாகநாதன் பிழை கண்டுபிடித்தால் ஃபைலை மேசைமேல் விசிறியடித்து, எங்கிருந்துதான் வந்து சேர்கிறீர்களோ என்பார். அந்த 'எங்கிருந்து' என்பதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

ஒரு மாசி மாதம், உளுந்து அடித்துத் தூற்றிய கையோடு, இளையபெருமாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அலுவலக உதவியாளர் வீரையன் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"உங்கப்பா வந்தாருங்கம்மா. ரொம்ப நேரம் கதவுகிட்டயே நின்னாரு. சூப்பிரண்டு உங்கள சத்தம் போட்டுக்கிட்டிருந்தாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இதக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

அந்தச் சனிக்கிழமை அப்பா எதையும் கேட்கவில்லை. உளுந்து நல்லாயிருந்ததா என்று மட்டும் கேட்டார். நல்லாயிருந்தது என்றாள். அப்போதே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புதன்கிழமைகளில் அவர் டிவி அறைக்குப் போவதை நிறுத்திவிட்டதாக அம்மா பொன்னுத்தாய் பிறகு சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் ஆய்வுக்கு வந்திருந்தார்கள். நாகநாதன் எழில்மொழியைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். அவள் டம்ளர் பக்கமே போகவில்லை.

"நான் தபால் பார்க்க வந்தவ சார். டீ குடுக்க வரல."

யாரும் சிரிக்கவில்லை. நாகநாதன் அவளை ஒரு முறை பார்த்துவிட்டுத் தானே எழுந்துபோய் டம்ளர்களை எடுத்தார். அதன்பிறகு அவளிடம் அவர் ஃபைலை வீசவே இல்லை.

அந்த வாரம் சனிக்கிழமை வருவதற்குள் அவள் தவித்துப் போனாள். வீட்டுக்கு வந்து, அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். இளையபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமில்லை, கேலியுமில்லை.

"நல்லா சொன்ன பாப்பா" என்றவர், "சோறு ஆறுது, சாப்பிடு" என்றார்.

அவர் நம்பவில்லை. இந்தத் தடவை நிஜம் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால் மற்றதெல்லாம் பொய் என்றாகிவிடும். அவருக்கு அது தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அதற்குப்பின் இளையபெருமாள் பதினோரு வருஷம் இருந்தார். அவள் உதவியாளரானாள், கடைசியில் நாகநாதன் இருந்த நாற்காலிக்கே வந்தாள். ஆபீசுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று பலதடவை கூப்பிட்டுப் பார்த்தாள். முட்டி வலிக்கிறது, நடவு நேரம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். வற்புறுத்தி ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கருமாதி அன்று யாரும் எதிர்பாராத விதமாக நாகநாதன் வந்தார். ஓய்வு பெற்றுத் தளர்ந்துபோயிருந்தார். அந்தத் தெருவுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். பொன்னுத்தாயிடம் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, தானாகவே ஆரம்பித்தார்.

"என் சர்வீஸ்லயே என்னை நேருக்கு நேர் எதுத்துப் பேசினது உங்க பொண்ணு ஒருத்திதாம்மா. அத்தனை ஆபீசர் முன்னாடி, டீ குடுக்க மாட்டேன்னுட்டா. தப்பு என்மேலதான்."

அவர் போனபின் பொன்னுத்தாய் மகள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அது நெசந்தானா?"

"ஆமாம்மா."

"பாவம், தன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் நீ அப்படிச் சொல்றேன்னு உங்கப்பா சொல்லிக்கிட்டிருந்தாரே" என்றாள் பொன்னுத்தாய். மூன்று நாளாக வற்றிப்போயிருந்த அழுகை அவளுக்கு மறுபடியும் வந்தது. எழில்மொழி பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.