கூர்க்கா வீட்டு உறவு

ரங்கூனுக்கு வடக்கே இருக்கும் மிங்கலாடோனை விட்டு நான் தெற்கே நடந்துகொண்டிருந்தபோது நெற்றி முழுவதும் அரிசியும் வண்ணப்பொடியும் தயிரில் குழைத்து அப்பியிருந்தது. கழுத்தில் வாடாமல்லி மாலை. தோளில் துணிமூட்டை. ரோடு போடும் நம் ஆட்கள் ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, தாலி கட்டுற நேரத்துல ஓடியாந்துட்டியா?" என்றான்.

"பொண்ணு புடிக்கலயாம்ல," என்றான் பக்கத்திலிருந்தவன்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கை சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். நின்றபடியே தின்றுவிட்டு நடந்தேன். அன்று கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. தீபாவளியை ஒட்டி நேபாளிகள் கொண்டாடும் பண்டிகையின் கடைசி நாள் அது. உடன்பிறந்தாள் உடன்பிறந்தானுக்குப் பொட்டு வைக்கிற நாள்.

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ரங்கூனுக்கு வந்தபின் நெல் ஆலை, துறைமுகம், சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் தேய்ப்பது என்று எதிலும் நிலைத்ததில்லை. மிங்கலாடோனில் மாட்டுக்குப் புல்லறுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டுப் போனேன். ராணுவ போலீஸில் இருந்து செத்துப்போன ஒரு கூர்க்காவின் குடும்பம். தாய், மகன், மகள். மகனுக்கு என் வயது. பால் கறந்து சிப்பாய்களின் குடியிருப்பில் விற்றுப் பிழைத்தார்கள். அங்கே மட்டும் நான் இரண்டு மழைக்காலம் தாண்டி இருந்தேன். காரணம் அந்த மகள்.

அவர்களுடைய அடுப்படிக்குள் நான் போகக் கூடாது. என் தட்டு வாசற்படிக்கு வெளியே வரும். கொண்டுவருவது அவள்தான். கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்து அதில் ஒரு சாறு வைப்பார்கள். முதல் நாள் அந்த வாடைக்கு நான் முகம் சுளித்ததை அவள் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்தச் சாறு இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் சிரித்தாள். நாங்கள் பேசியது இந்துஸ்தானியும் பர்மியமும் கலந்த ஒரு பாஷை. என்னை 'மதராசி' என்று கூப்பிடுவாள். உங்கள் ஊரில் மலை இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டாள். சின்னதாக ஒன்று இருக்கிறது என்றேன். பொய்தான். எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டியமட்டும் பொட்டல். சின்ன மலையானாலும் போதும் என்று அவள் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாணி அள்ளப் போய்விட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்க நகரத்துக்குப் போனபோது லத்தா தெருவில் சீனன் கடையில் சிவப்புச் சீட்டித் துணி ஒன்று வாங்கி மூட்டைக்குள் வைத்தேன். மழை விடட்டும், அவள் அண்ணனிடம் பேசலாம் என்று இருந்தேன். மழை விடுவதற்கு முன்பே ஒரு நாள் வாய்த்தது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். நானும் ஒன்று கேட்க வேண்டும், நான் முதலில் கேட்கிறேன் என்றான் அவன்.

"எனக்கு மீத் ஆயிடறியா?"

மீத் என்பது அவர்களிடம் உள்ள ஒரு சிநேக உறவு. வேறு ஜாதிக்காரனாக, வேறு தேசத்தானாக இருந்தாலும் ஒருவனைச் சடங்கு செய்து மீத் ஆக்கிக்கொண்டால், சாகும்வரை அந்த உறவு விடாது. அவனுக்குச் சாவு வந்தால் இவன் தீட்டுக் காப்பான். ஒருவர் பேரை ஒருவர் சொல்லக் கூடாது. அவன் இவ்வளவும் சொன்னான். படிக்கு வெளியே தின்றுகொண்டிருந்தவனை உள்ளே கூப்பிடுகிறான், இதைவிட நல்ல சகுனம் என்ன வேண்டும், பெண் கேட்பதை உறவான பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சரி என்றேன்.

முற்றத்தைச் சாணிபோட்டு மெழுகி இரண்டு பலகை போட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் எனக்குப் பொட்டு வைத்தான், நான் அவனுக்கு வைத்தேன். அவன் குல்லாயை எனக்குக் கொடுத்தான், என் துண்டை நான் கொடுத்தேன். தலை குனிந்து வணங்கிக்கொண்டோம். அவள் கடைசியாக வந்தாள். கைகூப்பி, "மீத் தாஜு" என்றாள். தாஜு என்றால் அண்ணன். மரியாதைக்குச் சொல்கிறாள் என்றுதான் எண்ணினேன். அவள் நிமிராமலே உள்ளே போய்விட்டாள்.

தாய்க்குத்தான் சந்தோஷம் தாளவில்லை. "இனி என் பொண்ணுக்கு அண்ணன் ரெண்டு பேரு. உன் வம்சத்துக்கும் எங்க வம்சத்துக்கும் ஏழு தலமொறைக்குக் கொள்வின கொடுப்பின கிடையாது, தெரியுமா? கூடப் பொறந்தாப்புல," என்றாள்.

அன்று முதல்முறையாக அடுப்படிக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். எழுந்து போகவும் முடியவில்லை.

உடனே கிளம்பினால் சடங்கை அவமதித்ததாகும். அதனால் இருந்தேன். அவள் அதற்குப் பிறகு மதராசி என்று கூப்பிடவில்லை. சாற்றைப் பற்றிச் சிரிக்கவும் இல்லை. பண்டிகை வந்தது. முதல் நாள் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். மறுநாள் தொழுவத்து நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைத்தார்கள். அந்தச் சொறிநாய் மாலையைக் கடித்துத் தின்றது. நான் சிரித்தேன். கடைசி நாள் என் முறை வந்தது.

என்னையும் அவனையும் அடுத்தடுத்துப் பாயில் உட்காரவைத்தாள். எமன் கிட்டே வராமலிருக்க, அறுகம்புல்லால் எண்ணெய் தொட்டுச் சொட்டவிட்டபடி எங்களைச் சுற்றி வந்தாள். வாசற்படியில் அக்ரூட் கொட்டையை வைத்துக் கல்லால் உடைத்தாள். எமன் தலையை உடைப்பதாக அர்த்தம். முதல் அடிக்கு அது தெறித்து ஓடியது. "எமனுக்கே உன்னக் கண்டா பயம்," என்றான் அண்ணன். அவள் போய் எடுத்துவந்து மறுபடி வைத்து உடைத்தாள். என் நெற்றியில் பொட்டு வைக்கும்போது அவள் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வாடாமல்லி மாலையைப் போட்டு, எண்ணெயில் வளையம் வளையமாகப் பொரித்த அரிசிமாவு ரொட்டியை முன்னால் வைத்தாள்.

அண்ணன்மார் ஏதாவது கொடுக்க வேண்டும். என்னிடம் அந்தச் சிவப்புத் துணி ஒன்றுதான் இருந்தது. கொடுத்தேன். அவள் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். மழைக்காலம் முழுக்க மூட்டைக்குள் கிடந்ததில் மடிப்போரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. அதை விரலால் தடவினாள்.

"இது எப்ப வாங்கினது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மழைக்கு முன்னால."

மீத் ஆனதற்கும் முன்னால் என்று அவளுக்கு விளங்கியது. துணியைத் தலையில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. பண்டம் தின்றதும் தாயிடம் சொல்லிக்கொண்டேன். நகரத்தில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அண்ணன் ரோடுவரை கூட வந்தான். ஒரு மரத்தடியில் நின்று, "நீ என்ன கேக்க வந்தேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றான்.

தெரிந்துமா செய்தாய் என்று கேட்டேன்.

"நீ கேட்டிருந்தா நான் இல்லன்னுதான் சொல்லணும். எங்காளுங்க விடமாட்டாங்க. இல்லன்னு சொன்ன பொறவு நீ எங்க வீட்ல ஒரு வாய் சோறு தின்பியா? உன்ன வெரட்ட எனக்கு மனசு வரல."

"அவள ஒரு வார்த்த கேட்டியா?"

குல்லாயை மறக்காமல் எடுத்துக்கொண்டாயா என்று அவன் கேட்டான். எடுத்துக்கொண்டேன் என்றேன். அவனை அடிக்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவன் கண் கலங்கி நின்றான். கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

பொழுது சாய்ந்து நகரத்துக்குள் வந்து, ஆற்றோரம் மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். காலையில் லத்தாவுக்கு நேரே உள்ள துறையில், த்வாண்டேயிலிருந்து வந்த பானைகளை ஏற்றிக்கொண்டு மேலூர்களுக்குப் போகும் படகு ஒன்றுக்கு ஆள் தேடினார்கள். மேஸ்திரி தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். குடும்பம் உள்ளவன் படகில் தங்கமாட்டான் என்பது அவர் கணக்கு.

"பொண்டாட்டி இருக்காளா?"

"இல்லீங்க."

"இந்த ஊர்ல வேற யாரு இருக்கா உனக்கு?"

வேலை வேண்டுமானால் யாரும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஒரு தங்கச்சி இருக்குதுங்க," என்றேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"கட்டிக் குடுத்தாச்சா?"

"அவங்க அண்ணன் பாத்துக்கிட்டிருக்காரு."

அது என்ன கணக்கு என்று அவர் கேட்கவில்லை. வைக்கோல் கட்டைக் காட்டினார். பெரிய பானைகள் அடியில், சின்னவை மேலே. ஒன்றோடு ஒன்று உரசாதபடி நடுநடுவே வைக்கோல் திணிக்க வேண்டும். அதுதான் வேலை. மூட்டையைப் படகுக்குள் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி வைத்துத் திணிக்கத் தொடங்கினேன்.