மிதிங்க, விடுங்க

எங்கள் பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டில் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். கிளட்ச் பெடல் செருப்பு மாதிரி, அவரவர் காலுக்குப் பழகிவிடும், அடுத்தவன் கால் பட்டால் கெட்டுவிடும் என்பார். வாசலை அடைத்து நின்ற வண்டியை என் தம்பி ஒருமுறை கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினான். அந்தப் பொங்கல் முழுக்க இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நானும் வருஷக் கணக்காக இடதுபக்க சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவள். எனக்கு ஸ்டியரிங்கைத் தொடும் ஆசையும் இல்லை, அதனால் சண்டையும் இல்லை.

ஜீயபுரத்தில் வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் ஸ்ரீரங்கத்து மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இறக்குவது எங்கள் பிழைப்பு. இலை காத்திருக்காது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் ஓரம் சுருண்டுவிடும். பந்தியில் கிழிந்த இலையைப் பார்த்தால் சமையல்காரர் நம் பரம்பரையையே இழுப்பார். அதனால் இவர் ஓட்டுகிற வேகமும் இவர் கோபமும் எங்கள் வியாபாரத்தின் பகுதியாகவே இருந்தன.

அந்த மாசி மாதத்தில்தான் கியர் விழாமல் போக ஆரம்பித்தது. கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினால் கரகரவென்று சத்தம். சில நேரம் விழும், சில நேரம் விழாது. காவிரிப் பாலத்தில் முன்னால் போகிற பஸ் நின்றால் இவரும் நிறுத்த வேண்டும், பிறகு முதல் கியர் போட வேண்டும். அது விழாமல் பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தால், இவர் வண்டியைத் திட்டுவார், பஸ்ஸைத் திட்டுவார், கடைசியில் என்னைத் திட்டுவார். நான் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் பெரும்பாலும் மணல்தான் இருந்தது.

எங்கள் மெக்கானிக் பாலக்கரையில் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறார். சந்தில் பாதி அவர் பட்டறை, மீதிப் பாதியில்தான் மற்றவர்கள் நடக்க வேண்டும். நல்ல மனிதர், ஆனால் பேச்சு அதிகம். எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த கிளட்ச் பாடம் இன்னும் நினைவிருக்கிறது. பெடலை மிதித்தால் அதன் மேலே இருக்கிற சிலிண்டரில் ஆயில் அழுந்தும். அந்த ஆயில் ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் இருக்கிற சிலிண்டருக்குப் போகும். அது நெம்பு என்கிற ஓர் இரும்புக் கோலைத் தள்ளும். அந்த நெம்பு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் கிளட்ச் விலகும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். நெம்பு பாதி தூரம் நகர்ந்து நின்றுவிடும். கியர் விழாது.

"ஏர் எடுத்தா சரியாயிடும் அக்கா. இதுக்குப் போய் பயப்படலாமா?"

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மற்றவர் அடியில் படுத்துக்கொண்டு ஒரு சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். மெக்கானிக் அடியில் போனார். சீட்டில் யார்? வேறு யார், சட்டம் போட்டவர்தான்.

"மிதிங்கண்ணே... அப்படியே புடிங்க... விடுங்க. மிதிங்க... விடுங்க."

அடியிலிருந்து கால்கள் மட்டும் தெரிகிற ஒரு மனிதர் கட்டளையிட, இவர் பள்ளிக்கூடப் பையனைப் போல மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. மெக்கானிக் எழுந்து வந்து, நெம்பு இன்னும் முழுசாக வரவில்லை, அடி சிலிண்டர் போயிருக்கும் என்றார். மாற்றினார். மறுபடியும் மிதிங்க, விடுங்க. நெம்பு வரவில்லை. அடுத்து மேல் சிலிண்டரை மாற்றினார். அதற்கடுத்து குழாயை. கடைசியில் கியர்பாக்ஸையே இறக்கி கிளட்ச் தட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். தட்டில் ஒரு குறையும் இல்லை. வருத்தமாக இருந்தது அவருக்கு. குறை இல்லாததற்கு ஒரு மெக்கானிக் வருத்தப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நல்லாத்தான்ணே இருக்கு. ஏன் இப்படிப் பண்ணுதுன்னுதான் தெரியலை."

"தெரியலைன்னா எதுக்குப்பா பட்டறை வெச்சிருக்கே?" என்றார் இவர்.

நியாயமான கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன். மெக்கானிக்கே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கவும் இவரேதான் ஓட்டினார், மெக்கானிக் என் இடத்தில் உட்கார்ந்து கியர் குச்சியையே முறைத்துக்கொண்டு போய் வந்தார். கைலி கட்டிக்கொண்டு ஓட்டுகிறவரின் காலடியில் என்ன நடக்கிறது என்று பக்கத்து சீட்டிலிருந்து பார்க்க முடியாது. பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் பங்குனி வந்துவிட்டது. முகூர்த்தங்கள் நெருங்கி நெருங்கி வந்தன. ஒரு காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தினோம். கிளட்சை மிதித்திருப்பதாகத்தான் இவர் சொன்னார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி ஒரே தாவலாகத் தாவி, வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் மோதி அணைந்தது. குலையோடு மரம் சாய்ந்தது. அந்த மரத்தைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மா அப்போதுதான் பூ வைத்துவிடக் கூப்பிட்டு உள்ளே இழுத்திருந்தாள். பட்டுப்பாவாடையின் ஓரம் கதவுக்குப் பின்னால் மறைவதை நான் பார்த்தேன். இவரும் பார்த்தார்.

மண்டபத்துக்காரர்கள் கத்தினார்கள். பதிலுக்குக் கத்தாமல் இவர் சாய்ந்த மரத்தை நிமிர்த்தப் போனார். இலையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாலத்தின் மேல், "இனிமே இந்த வண்டியை எடுக்க மாட்டேன். நான் மிதிக்கிறேன், அது கேக்க மாட்டேங்குது. ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது?" என்றார். விற்றுவிடலாமா என்று நான் கேட்கவில்லை. வண்டி இல்லாவிட்டால் இவர் யார் என்று இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பட்டறைக்கு நேராகப் போனோம். மெக்கானிக் மறுபடியும் அடியில் போய்ப் படுத்தார். இவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சந்து முனைக்குப் போய்விட்டார். இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்ததில் இடது கால் செருப்பு கழன்று சந்திலேயே கிடந்தது. இவர் ஒற்றைச் செருப்போடு நடந்து போனார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். கொல்லையில் விடுவார், கோயில் வாசலில் விடுவார், நான் எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். வயசாகிவிட்டது என்று கேலி செய்வேன்.

அடியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, மிதிங்க."

"அவரு டீக்கடைக்குப் போயிருக்காரு."

"அப்ப நீங்க கொஞ்சம் ஏறி மிதிங்கக்கா. ரெண்டு மிதி போதும். அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஏறினேன். முதல்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து ஏறினேன். டாஷ்போர்டில் சமயபுரத்து அம்மன் படம் இருப்பதால் நாங்கள் வண்டிக்குள் செருப்புப் போடுவதில்லை. வெறுங்காலை வைத்து மிதித்தேன். பெடல் சுலபமாக உள்ளே போய்த் தரையைத் தட்டியது.

"அடிச்சுது பாரு!" என்று அடியிலிருந்து ஒரு கூச்சல். "விடுங்க... இன்னொருவாட்டி மிதிங்க... நெம்பு முழுசா வருதுக்கா! ஏர் போயிடுச்சு! நான்தான் சொன்னேன்ல?"

புடிங்க என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை, திருகை இன்னும் தொடவே இல்லை. அது அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நான் பெடலில் காலை வைத்தபடியே கீழே சந்தில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன். பயமாக இருந்தது. வண்டியைப் பற்றிய பயம் இல்லை.

இவர் வந்தார். தன் சீட்டில் என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் இறங்கிக்கொண்டேன். ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, சரியாயிடுச்சு. நீங்களே மிதிச்சுப் பாருங்க."

"மிதிச்சுட்டேன்."

"மிதிங்கண்ணே."

"மிதிச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"இப்பத்தானே அக்கா மிதிச்சப்ப வந்துச்சு..." என்று மெக்கானிக் தனக்குத்தானே முனகினார்.

திறந்திருந்த கதவருகே குனிந்து இவருடைய கைலியின் ஓரத்தை விலக்கினேன். பெடல் பாதியில் நின்றிருந்தது. பாதம் அதன் மேல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. தரைக்கும் பெடலுக்கும் நடுவே என் கை நுழையும் அளவு இடம். நான் அவருடைய பாதத்தின் மேல் கையை வைத்து அமுக்கினேன்.

"ஆங், இப்ப வந்துச்சு!" என்றது அடியிலிருந்து குரல்.

இவர் முன்பக்கக் கண்ணாடி வழியாகச் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தன் பாதத்தில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. பிறகு முட்டி அசைந்ததில் ஏதோ உணர்ந்து குனிந்தார். என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை. பெடல் மறுபடி பாதிக்கு வந்துவிடுமே என்றிருந்தது.

சர்க்கரை இருப்பது முன்பே தெரியும். மாத்திரை நினைவு வந்தால் போடுவார், கல்யாண வீட்டு ஜாங்கிரிக்கு மட்டும் ஞாபகம் தப்பாது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைக் குத்திக்கொண்டே வந்தார். "எப்பம்மா குத்துவீங்க?" என்று இவர் கேட்டார். டாக்டரம்மா குத்தி முடித்திருந்தார். போன உணர்ச்சி திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் நான் அழுதேன். இவர், பார்மசியில் கூட்டமாக இருக்கிறது, முதலில் வரிசையில் நில் என்றார்.

மார்கழி வரை வண்டி வாசலில் நின்றது. ஆள் போட்டு ஓட்டலாம் என்று தம்பி சொன்னான். இவர் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். இலை கொடுக்கிறவர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். இவர் வீட்டிலேயே உட்கார்ந்து, நான் வைக்கிற ரசத்தில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ரசம் எப்போதும் வைக்கிற ரசம்தான்.

பிறகு ஒரு காலையில் சாவியை என் முன்னால் வைத்தார். எல்.எல்.ஆர். போட என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரித்து வந்திருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "எனக்கா போட முடியும்?" என்றார் எரிச்சலாக.

ஜீயபுரத்துக்கு அந்தப்பக்கம், வாய்க்காலை ஒட்டி ஒரு மண் பாதை இருக்கிறது. அதுவரை தம்பி ஓட்டி வந்து, இறங்கி, வாழைத்தோப்பின் ஓரம் போய் நின்றுகொண்டான். எல்.எல்.ஆரோடு ஓட்டினால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இவருடைய லைசென்ஸ் இன்னும் செல்லும். இவர் என் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தார். அந்த சீட்டில் கால் நீட்ட இடம் போதவில்லை என்று முதல் புகார். பல வருஷமாக எனக்கும் போதவில்லை என்றேன்.

"சரி, மிதி."

மிதித்தேன்.

"முழுசா."

"முழுசாத்தான்."

"தரை தட்டுதா?"

"தட்டுது."

கியர் போடச் சொல்வார் என்று குச்சியில் கை வைத்துக் காத்திருந்தேன். சொல்லவில்லை. என் புடவைக் கொசுவத்துக்குக் கீழே தெரிந்த பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பெடலைத்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் பாதத்தை இன்னும் அழுத்தி வைத்தேன். ராத்திரியெல்லாம் பனியில் நின்ற வண்டி. காலுக்கடியில் இரும்பு.

"சில்லுன்னு இருக்கு" என்றேன்.

தலையாட்டினார். பிறகு முதல் கியரைப் போடச் சொன்னார்.