கேன்டீனில் குவிந்த புள்ளிகள்

போன வாரம் பழைய லேப்டாப்பைத் திறந்தபோது ஒரு வரைபடம் அகப்பட்டது. திருப்பூரில் முதல் வேலையில் இருந்தபோது நான் போட்டது. இப்போது சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கால் வைத்தே பார்க்காத ஊர்களுக்கெல்லாம் வரைபடம் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்த ஒரு படத்தைப் பார்த்ததும் கேன்டீன் டீயின் இஞ்சி வாசனை மூக்கில் ஏறிவிட்டது. ஏக்கமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

நான் புள்ளியியல் படித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் சேர்ந்திருந்தேன். ஆட்களை ஏற்றிவர நான்கு வேன்கள் ஓடின. ஒன்றை நிறுத்தலாமா என்று மேனேஜருக்கு யோசனை. "கண்ணு, அல்லாரு ஊடும் எங்கெங்க இருக்குதுன்னு மேப்புல போட்டுக் குடு. ஆளு கம்மியா வர்ற ரூட்ட நிறுத்திப்போடலாம்" என்றார்.

இது காதில் விழுந்ததும் டெய்லர் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து அவிநாசிப் பக்கம் குடியிருந்தவர். "வேனு நின்னா நானும் வேலைய விட்டு நிக்க வேண்டியதுதான் தாயி. பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பிவிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வாறதுக்குள்ள இங்க பெல் அடிச்சிருவாக."

"மேப்புல உங்க புள்ளி வந்துட்டா அப்பறம் ஆரும் நிறுத்த முடியாதுங்க்கா" என்றேன். படித்த திமிர், வேறென்ன!

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வீட்டு லொக்கேஷனை அனுப்பச் சொன்னேன். எப்படி அனுப்புவது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டீ நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, மாதிரிக்கு என்னுடையதை முதலில் அழுத்திக் காட்டினேன். இரண்டே நாளில் நூற்றிருபது பேருடையது வந்து சேர்ந்தது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று பதினொன்றில் தொடங்கும், மற்றது எழுபத்தேழில். அட்டவணையில் கிடக்கும்வரை அவை வெறும் எண்கள்தான். எது கிழக்கு மேற்கு, எது வடக்கு தெற்கு, பூமியை அளக்கும் எந்த முறையில் வந்தவை என்று மென்பொருளுக்குச் சொன்னால்தான் அவை நிலத்தின் மேல் புள்ளிகளாக எழுந்து நிற்கும். நான் முதல் தடவை இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மொத்தக் கம்பெனியும் வட துருவத்துக்குப் பக்கத்துக் கடலில் போய் விழுந்தது. அக்காவிடம் சொன்னதற்கு, "நாம தைக்கிற பனியன் மட்டும் கப்பலேறுதுல்ல, நாமளும் ஒரு எட்டு போயிட்டு வருவோமே" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திருத்தியதும் புள்ளிகள் ஊருக்குள் வந்துவிட்டன. ராயபுரம் பக்கம் நெருக்கமாக, அவிநாசிப் பக்கம் ஐந்தே ஐந்து. படம் அழகாக இருந்தது. கலரில் பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் நீட்டினேன். திங்கட்கிழமை முதல் அவிநாசி வேன் நின்றது.

அன்று அக்கா அரைமணி நேரம் தாமதமாக வேர்த்து விறுவிறுத்து வந்தார். "எம்புள்ளி வந்தா நிக்காதுன்னியே தாயி! நாந்தான் அனுப்புனேன்ல?"

"எங்கிருந்துங்க்கா அனுப்பிச்சீங்க?"

"நீ காட்டுன மாதிரித்தான். இந்தா, கேன்டீன்ல டீ குடிக்கையில. போனு லாக்கர்லருந்து அப்பத்தான கைக்கு வருது?"

ஓடிப்போய்ப் படத்தைப் பெரிதாக்கினேன். கம்பெனியின் மேல் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக நாற்பது பேர் அதற்குள் இருந்தார்கள். புள்ளியியல் படித்த எனக்கு, அட்டவணையில் நூற்றிருபது வரி இருக்கிறதே, படத்தில் அத்தனை புள்ளி இருக்கிறதா என்று எண்ணத் தோன்றவில்லை. என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். "ஏங்கண்ணு, கலர்ல பிரிண்ட் எடுக்கத் தெரிஞ்சுது, எண்ணத் தெரீலியா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. மறுநாள் காலை வேனைக் கொடுத்தார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆட்கள் ஏறும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி லொக்கேஷனை நானே அழுத்தினேன். கடைசி ஸ்டாப்பில் அக்கா மகளுக்குத் தலை பின்னியபடியே நின்றிருந்தார். வேனைக் கண்டதும் பின்னலைப் பாதியில் விட்டுக் கை காட்டினார். அந்த வாரமே வேன் மறுபடி ஓடத் தொடங்கியது.

புதிய படத்தை அக்காவிடம் காட்டினேன். தன் புள்ளியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பெனியைக் காட்டி, "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்ட. இங்கன ஒண்ணு மட்டும் நிக்குதே, அது ஆரு?" என்றார்.

பார்த்தேன். நான் மாதிரிக்கு அனுப்பிய புள்ளி.

"நாந்தாங்க்கா" என்றேன்.

மற்ற எல்லோர் புள்ளியையும் மாற்றிய நான் அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தேன். போன வாரம் திறந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது. மாற்றலாமென்று கையை வைத்தேன். மனம் வரவில்லை, அப்படியே மூடிவிட்டேன்.