துக்க வீட்டுக்குத் திண்டோடு வருபவர்

சாவுச் செய்தி வந்ததும் பானா கசோண்டே (கசோண்டேயின் அம்மா என்று அர்த்தம்) முதலில் தேடுவது திண்டைத்தான். பழைய சிட்டெங்கேத் துணியில் அவரே தைத்தது, ஓரத்தில் பஞ்சு பிதுங்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உருண்டை ன்ஷிமாவை, அந்த ஊர்ச் சோளக் களியை, நின்றபடியே உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்புவார். "வெறும் வயித்தோட போனா கனம் இருக்காதும்மா. நான் இளைச்சா சங்கத்துக்கு நஷ்டம்!"

கிட்வேயின் சுரங்கக் குடியிருப்பில் துக்க வீடு என்றால் ஆண்கள் வெளியே கரியடுப்பைச் சுற்றி இருப்பார்கள், பெண்கள் உள்ளே தரையில். மேலே ஏறி உட்காருவது இறந்தவருக்கு அவமரியாதை. இவரோ விதவையின் வீட்டில் எது நல்ல விலை போகுமோ அதன் மேல் திண்டைப் போட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிடுவார். செத்தவனின் சொந்தக்காரர்கள் லாரி கொண்டுவந்து வீட்டை வழித்துத் துடைத்துக்கொண்டு போவார்கள் அல்லவா, அவர்களைத் தடுக்கத்தான்.

சங்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பாடமும் உண்டு. "ஃப்ரிட்ஜ்ல ஏறாதீங்கடி, சறுக்கும். தையல் மெஷின் இடுப்பை ஒடிக்கும். கட்டில் சுகம்தான், ஆனா தூக்கம் வந்துரும்." திண்டை மட்டும் யாருக்கும் இரவல் தரமாட்டார்.

சங்கம் பிறந்ததே ஒரு லாரியில்தான். இவர் கணவர் இறந்தபோது கொழுந்தன்மார் தையல் மெஷினைத் தூக்க வந்தார்கள். இவர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இறங்கமாட்டேன் என்றதும் மெஷினோடு சேர்த்து லாரியில் ஏற்றினார்கள். சந்தைக்குள் லாரி ஊர்ந்தபோது தக்காளி விற்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி ஏறினாள். கருவாட்டுக்காரி ஏறினாள். பிறகு சந்தையே ஏறிவிட்டது. டயர் வெடித்ததும் டிரைவர் கும்பிடு போட்டு மெஷினை இறக்கினார். அன்று ஏறியவர்கள்தான் 'உட்கார்ந்த பெண்கள் சங்கம்'. இப்போது பக்கத்து ஊர்களிலும் கிளைகள். விதவையின் சொத்தைப் பறிக்கக் கூடாதென்று சட்டம்தான் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு அவர் பதில்: "இருக்கு, யாரு இல்லேன்னா? சட்டம் டவுன்ல இருக்கு, லாரி வாசல்ல நிக்குது. அது வந்து சேர்ற வரைக்கும் யாராவது உட்காரணும்ல?"

போன மாதம் அவருடைய சொந்தத் தம்பி ப்வால்யா இறந்துபோனான். தம்பி மனைவி பூப்பே, ஒரு ஃப்ரீசர் பெட்டியில் மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைப்பவள். அந்தப் பெட்டி போனால் அடுப்பு எரியாது. லாரி கொண்டுவந்தவர் பானாவின் அண்ணன் சிசங்கா. பழைய வழக்கப்படி தாய்மாமனின் சொத்து மருமகனுக்கு, அதாவது பானாவின் மகன் கசோண்டேக்கு. அவனும் கையில் கயிறோடு வந்திருந்தான். நம் தலைவி என்ன செய்யப்போகிறார் என்று சங்கத்துப் பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள்.

பானா அழுது வீங்கிய முகத்தோடு வந்தார். தோளில் தூக்கி வளர்த்த தம்பி. யாரையும் பார்க்காமல் ஃப்ரீசர் மேல் திண்டைப் போட்டு உட்கார்ந்தார்.

"அடியே, கிறுக்கா உனக்கு? இது உன் மகனுக்குத்தான் போகுது!" என்றார் சிசங்கா.

"தெரியும்ணே."

"ஊரான் வீட்ல உட்கார்ந்த, சரி. நம்ம வீட்லயுமா?"

"நம்ம வீட்ல உட்காராம ஊரான் வீட்ல எந்த மூஞ்சியோட போய் உட்காருவேன்?"

"அப்ப இன்னையோட நீ எனக்குத் தங்கச்சி இல்ல."

பானா மகன் பக்கம் திரும்பினார். "கசோண்டே, தூக்குறதுன்னா தூக்குடா. அம்மாவையும் சேர்த்துத் தூக்கு."

மகன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மாமன் சிசங்காவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். சிசங்கா காறித் துப்பிவிட்டுப் பின்னாலேயே போனார். லாரி காலியாகக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மூலையில் தரையில் முடங்கிக் கிடந்த பூப்பே தலை நிமிர்ந்தாள். பானா கொஞ்சம் நகர்ந்து, தனக்கு அடியிலிருந்து திண்டை உருவிப் ஃப்ரீசர் மேலேயே பக்கத்தில் போட்டு, அவளைப் பார்த்து அதை இரண்டு தட்டுத் தட்டினார்.